பெரியவர், குழந்தை, அல்லது இரண்டும்: பிரிட்டனில் நர்சிங் படிக்க எந்தப் பிரிவைப் போடுவது?

செப்டம்பர் பிறந்து யூகாஸ் எனும் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பைப் பற்றிய பேச்சு ஆரம்பித்தால், லண்டன் தமிழ் வீடுகளில் நர்சிங் படிக்க நினைக்கும் பிள்ளைகளிடமிருந்து எனக்கு வருவது ஒரே கேள்விதான். "அக்கா, அடல்ட் போடவா, சைல்ட் போடவா? நாலு வருஷத்தில் ரெண்டையும் சேர்த்துத் தர்றாங்களாமே, அதைப் போட்டுவிட்டால் என்ன?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் கேள்வி வேறு. "ரெண்டும் படித்தால் சம்பளமும் ரெண்டு மடங்கா?"

அப்பாவுக்கான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பென்னிகூட அதிகம் கிடையாது. அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸில் புதிதாகச் சேரும் நர்ஸ் எந்தப் பிரிவில் படித்திருந்தாலும் பேண்ட் 5 எனும் சம்பள நிலைதான். இரட்டைத் துறைப் பட்டத்துக்கென்று தனிப் படி எதுவும் இல்லை. பிள்ளையின் கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

## இந்தப் பிரிவுகள் எங்கிருந்து வந்தன

ஊரில் நர்சிங் படித்த சித்தியோ மாமியோ உள்ள வீடுகளில்தான் குழப்பம் அதிகம். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம். மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு, மனநலம், சமூக நலம் எல்லாம் ஒரே படிப்புக்குள் வந்துவிடும். முடித்தவர் எந்த வார்டிலும் நிற்கலாம். பிரிட்டனில் அப்படி இல்லை. இங்கே பட்டப்படிப்பு தொடங்கும்போதே நான்கு துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பெரியவர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு. மூன்று வருடம் முடித்ததும் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சிலின் பதிவேட்டில், அதாவது என்எம்சி ரெஜிஸ்டரில், உங்கள் பெயரோடு அந்தத் துறையும் ஏறும். மகப்பேறு (மிட்வைஃபரி) தனித் தொழில், அதற்குத் தனிப் படிப்பு.

இரட்டைத் துறைப் படிப்பு என்பது இதில் இரண்டைச் சேர்த்துத் தருவது. பொதுவாக நான்கு வருடம். பல இடங்களில் எம்நர்ஸ் என்ற ஒருங்கிணைந்த முதுநிலைப் பட்டமாக வரும். அயர்லாந்தில் இதே வழி இன்னும் பழகிப்போனது. டிரினிட்டி, யுசிடி, டிசியு, யுசிசி ஆகிய பல்கலைக்கழகங்களில் குழந்தைகள் நர்சிங்கையும் பொது நர்சிங்கையும் இணைத்து நாலரை வருடப் படிப்பாக நடத்துகிறார்கள். இந்தக் கட்டுரை இங்கிலாந்தை மனதில் வைத்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் கட்டணமும் உதவித்தொகையும் வேறு.

ஊரிலேயே பி.எஸ்சி. முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். உங்களுக்கு சிபிடி கணினித் தேர்வு, அப்புறம் ஆஸ்கி செய்முறைத் தேர்வு என்ற வழி இருக்கிறது. அது வேறு கதை.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்வேன்.

முதலாவது காலமும் பணமும். ஒரு வருடம் கூடுதல் என்பதன் உண்மையான விலை என்ன என்பது. இரண்டாவது, பட்டம் கையில் வந்த முதல் நாளில் எந்தெந்த வார்டுக் கதவு திறக்கும். மூன்றாவது வெளிநாடு. அமெரிக்காவில் அத்தை இருக்கிறார், ஒருநாள் போவோம் என்ற எண்ணம் நம் வீடுகளில் பாதிப் பேருக்கு உண்டு. நான்காவது படிப்பின் சுமை. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, நான்தான் கேட்கிறேன்: வாங்கிய இரண்டு துறையையும் ஐந்து வருடம் கழித்து வைத்திருப்பீர்களா?

இந்த ஐந்தையும் நான்கு வழிகள் மேல் வைத்துப் பார்க்கலாம். பெரியவர் மட்டும், குழந்தைகள் மட்டும், இரண்டும் சேர்த்து, முதலில் ஒன்று பிறகு மற்றொன்று.

| | பெரியவர் மட்டும் | குழந்தைகள் மட்டும் | இரட்டைத் துறை | பெரியவர், பிறகு குழந்தைகள் |
|---|---|---|---|---|
| காலம் | 3 வருடம் | 3 வருடம் | பொதுவாக 4 வருடம் | 3 வருடம், வேலை, பிறகு பெரும்பாலும் ஒன்றரை முதல் 2 வருடம் |
| தொடக்கச் சம்பளம் | பேண்ட் 5 | பேண்ட் 5 | பேண்ட் 5 | பேண்ட் 5 |
| வேலை வாய்ப்பின் அகலம் | மிக அகலம் | குறுகியது, ஆனால் தேவை உண்டு | இரண்டிலும் விண்ணப்பிக்கலாம் | முதலில் அகலம், பிறகு இரண்டும் |
| அமெரிக்கா போக | சில பாட இடைவெளி | பெரிய இடைவெளி | இடைவெளி குறையும், தீராது | இரட்டைத் துறை போலவே |
| படிப்பின் சுமை | வழக்கமானது | வழக்கமானது | கனம் | பிரித்து வருவதால் தாங்கலாம் |
| பெரிய ஆபத்து | குழந்தை வார்டு எட்டாமல் போவது | வழி மாற முடியாமல் சிக்குவது | ஒரு துறை மங்கிப்போவது | இரண்டாவது படிப்புக்குப் போகாமலே விடுவது |

## பெரியவர் நர்சிங் மட்டும்

பதிவேட்டில் மிகப் பெரிய கூட்டம் இவர்கள்தான். வார்டு, தீவிர சிகிச்சை, ஆபரேஷன் தியேட்டர், ஜிபி எனும் குடும்ப மருத்துவரின் கிளினிக், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் டிஸ்ட்ரிக்ட் நர்சிங், முதியோர் இல்லம், சிறைச்சாலை என்று எங்கும் வேலை உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்று: "குழந்தைகளோடு வேலை" என்று நாம் நினைப்பதில் கணிசமான பகுதி பெரியவர் நர்சுகளுக்கும் திறந்தே இருக்கிறது. பச்சிளம் குழந்தைகளுக்கான நியோநேட்டல் பிரிவு பெரியவர் நர்ஸையும் எடுக்கும், குழந்தைகள் நர்ஸையும் எடுக்கும், மிட்வைஃபையும் எடுக்கும். சேர்ந்த பிறகு க்யூஐஎஸ் எனும் சிறப்புத் தகுதிப் படிப்பை அவர்களே படிக்க வைப்பார்கள். கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் ஹெல்த் விசிட்டர், பள்ளி நர்ஸ் ஆக வேண்டுமானால் பதிவு பெற்ற நர்ஸாகவோ மிட்வைஃபாகவோ இருந்தால் போதும், துறை எதுவாக இருந்தாலும் சரி. அதன் மேல் சுமார் ஒரு வருடப் படிப்பு. ஜிபி கிளினிக்கில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறவர் பெரும்பாலும் பெரியவர் நர்ஸ்தான்.

ஆகவே, "எனக்குக் குட்டிப் பாப்பாக்களைப் பிடிக்கும், அதனால் இரட்டைத் துறை" என்று யாராவது சொன்னால், நான் திருப்பிக் கேட்பது: எந்தப் பாப்பா? இன்குபேட்டரில் இருக்கும் பாப்பா என்றால் நான்காவது வருடம் தேவையே இல்லை.

*எப்போது இது சரி:* எந்தப் பக்கம் போவோம் என்று இன்னும் தெரியாதவர்களுக்கு. தெரியாதவர்கள்தான் "ரெண்டையும் போட்டு வைப்போம்" என்று கிளம்புகிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. குழப்பத்துக்கு ஒரு வருடச் சம்பளத்தை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை.

*மறைந்த செலவு:* பொதுக் குழந்தை வார்டுக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளுக்கும் பிறகு மாற ஆசைப்பட்டால் கதவு பாதிதான் திறக்கும். எடுத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. ஆனால் ஷிஃப்ட் கணக்கில் உங்களைக் குழந்தைகள் நர்ஸாக எண்ண மாட்டார்கள்.

## குழந்தைகள் நர்சிங் மட்டும்

பிடித்தவர்களுக்கு இதைப்போல ஒன்று கிடையாது, பிடிக்காதவர்களால் ஒரு குளிர்காலம்கூடத் தாங்க முடியாது. அக்டோபரில் ஆர்எஸ்வி கிருமி கிளம்பினால், மூச்சிரைக்கும் கைக்குழந்தைகளால் வார்டு நிரம்பி வழியும். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் தூங்காத அம்மா ஒருவர். குழந்தையைப் பார்ப்பது வேலையில் பாதி, அந்த அம்மாவைப் பார்ப்பது மீதி.

இவர்களுக்குத் தேவை இருக்கிறது. குழந்தைகளைப் பார்க்கும் எந்த அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குறைந்தது இரண்டு குழந்தைகள் நர்சுகள் இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களின் ராயல் காலேஜ் 2018இல் வெளியிட்ட தரநிலை சொல்கிறது. உள்நோயாளி வார்டுகளுக்கும் இதே போன்ற எதிர்பார்ப்பு நெடுநாளாக உண்டு. எனவே வேலை விளம்பரத்தில் "பதிவு பெற்ற குழந்தைகள் நர்ஸ்" என்று எழுதியிருந்தால், அவர்கள் கேட்பது அதைத்தான்.

ஆனால் மொத்த இடங்கள் குறைவு. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு குழந்தை வார்டு இருக்கும், அங்கே இந்த வருடம் காலியிடம் இல்லையென்றால் இல்லைதான். புதிதாகப் படித்து முடிப்பவர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்ற புகார் வலுத்து, 2025 ஆகஸ்டில் அரசே "பட்டதாரி உத்தரவாதம்" என்ற திட்டத்தை அறிவிக்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரே குளத்தில் தூண்டில் போடுவதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

*எப்போது இது சரி:* பதினாறு வயதுக்கு மேற்பட்ட நோயாளியைப் பார்க்க உங்களுக்கு ஆசையே இல்லை, பிரிட்டனை விட்டுப் போகும் எண்ணமும் இல்லை, பெரிய நகரத்தில் இருக்கிறீர்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் நான்காவது வருடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

*மறைந்த செலவு:* வெளிநாடு. இந்தப் பட்டியலில் மிகவும் கடுமையான செலவு இதுதான். அமெரிக்காவில் நர்ஸ் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் உங்கள் படிப்பைப் பிரித்துப் பார்ப்பார்கள். பெரியவர் மருத்துவம்-அறுவை, குழந்தை, மகப்பேறு, மனநலம் ஆகிய ஒவ்வொன்றிலும் வகுப்பு நேரமும் களப் பயிற்சியும் இருக்கிறதா என்று கேட்பார்கள். குழந்தைகள் நர்சிங் மட்டும் படித்தவரிடம் பெரியவர் பகுதி பெரிய ஓட்டையாக நிற்கும். பத்து வருட அனுபவம் இருந்தாலும் அந்த ஓட்டையை அனுபவம் அடைக்காது, பாடநேரம்தான் அடைக்கும்.

## இரண்டும் சேர்த்து

முதலில் படிப்பின் சுமை. இங்கே எந்த நர்சிங் பட்டத்துக்கும் குறைந்தது 4,600 மணி நேரம் வேண்டும். அதில் பாதி, 2,300 மணி நேரம், களப் பயிற்சி. இரட்டைத் துறை மாணவர் தன் பயிற்சியில் இரண்டு துறையின் தகுதிகளையும் தனித்தனியாகக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். நேரத்தைவிடக் கடினமானது, தலைக்குள் இரண்டு அளவுகோலை மாற்றி மாற்றி வைப்பது.

ஒரு நோயாளியின் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 140, மூச்சு 40. நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று மதிப்பெண் போட்டு எச்சரிக்க, பெரியவர் வார்டில் பயன்படும் நியூஸ்2 அட்டவணையில் இரண்டுமே சிவப்பு. தலா 3 மதிப்பெண், மொத்தம் 6. உடனே ஆளைக் கூப்பிட வேண்டும். அதே எண்கள் இரண்டு மாதக் குழந்தைக்கு வந்தால், பால் குடித்துவிட்டு நிம்மதியாகக் கிடக்கிறது என்று பொருள். குழந்தைகளுக்கான இதே வகைத் தேசிய அட்டவணையான பியூஸ் இங்கிலாந்தில் 2023 நவம்பரில்தான் வந்தது. அதில் வயதுக்கு ஏற்ப நான்கு தனித்தனி விளக்கப்படங்கள்: ஒரு வயதுக்குள், ஒன்று முதல் நான்கு, ஐந்து முதல் பன்னிரண்டு, பதின்மூன்றும் அதற்கு மேலும். "அம்மா அப்பா கவலைப்படுகிறார்களா?" என்பதற்கும் அதில் இடம் உண்டு. பெரியவர் அட்டவணையில் அப்படியொரு கேள்வியே இல்லை.

மருந்தும் அப்படித்தான். பெரியவருக்குப் பாராசிட்டமால் என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். எட்டுக் கிலோ குழந்தை என்றால் முதலில் எடை பார்க்க வேண்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று பெருக்க வேண்டும், 120 மில்லிகிராம் வரும், பாட்டிலில் ஐந்து மில்லிக்கு 120 என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஐந்து மில்லி உறிஞ்ச வேண்டும். பல வார்டுகளில் இன்னொரு நர்ஸையும் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். பாட்டில் 250 மில்லிகிராம் வகையாக இருந்துவிட்டால் அதே ஐந்து மில்லி இரட்டிப்பு மருந்தாகிவிடும். முதியோர் வார்டிலிருந்து திங்கட்கிழமை குழந்தை வார்டுக்கு வரும் மாணவி, முதல் வாரம் முழுக்கக் கால்குலேட்டரைக் கையிலிருந்து இறக்க மாட்டாள். இறக்காமல் இருப்பதுதான் நல்லது என்று நானும் சொல்வேன்.

சம்மதம் வாங்குவதிலும் இரட்டை விதி. பதினாறு வயதுக்குக் கீழே உள்ளவருக்குச் சிகிச்சையைப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருக்கிறதா என்று கில்லிக் அளவுகோலில் பார்க்க வேண்டும். பதினாறு, பதினேழு வயதுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டம் தனி உரிமை தருகிறது. பெரியவருக்கு 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம், அதுவும் பதினாறிலிருந்தே தொடங்குகிறது.

இவ்வளவு சுமையைச் சுமந்தால் கிடைப்பது என்ன? இரண்டு துறையும் ஒரே ஆளிடம் தேவைப்படும் இடங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அங்கே உங்களுக்குப் போட்டியே குறைவு. பெரியவரும் குழந்தையும் ஒரே வாசலில் வரும் மாவட்ட ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவு அதில் முதலிடம். அங்கே பொறுப்பாளருக்கு ஷிஃப்ட் போடுவது தினமும் தலைவலி, குழந்தைகள் நர்ஸ் இரண்டு பேர் கணக்கும் சரியாக வர வேண்டும், பெரியவர் பக்கமும் ஆள் வேண்டும். இரட்டைப் பதிவு உள்ளவரை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போடலாம்.

அடுத்தது குழந்தைப் பருவத்தில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடரும் நோய்கள்: டைப் 1 சர்க்கரை, சிக்கிள் செல், தலசீமியா, பிறவி இதயக் கோளாறு, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பதினாறு பதினெட்டு வயதில் இந்தப் பிள்ளைகள் குழந்தைகள் மருத்துவரிடமிருந்து பெரியவர் மருத்துவரிடம் மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பலர் நழுவிப்போகிறார்கள், அப்பாயின்ட்மென்ட்டுக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். 2016இல் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு இதற்கென்றே தனி வழிகாட்டுதல் போட்டது. இரு பக்கத்தையும் தெரிந்த நர்ஸ் இங்கே தங்கம். இளவயதினருக்கான புற்றுநோய்ப் பிரிவுகளும் இதே வகை.

*எப்போது இது சரி:* மேலே சொன்ன வேலைகளில் ஒன்றைக் குறிவைத்திருந்தால். அல்லது மனசு குழந்தைகள் நர்சிங்கில்தான் இருக்கிறது, ஆனால் அமெரிக்கா போகும் எண்ணமும் கணிசமாக இருக்கிறது என்றால். என் கணக்கில் இரட்டைத் துறையால் அதிகம் பயன்பெறுபவர் இந்த இரண்டாம் வகை ஆள்தான். ஆனாலும் மகப்பேறு, மனநலப் பகுதிகளில் மணி நேரம் போதுமா என்பது அங்கே போகும்போது கேட்கப்படும். இரட்டைத் துறை பெரிய ஓட்டையை அடைக்கும், எல்லா ஓட்டையையும் இல்லை.

*மறைந்த செலவு:* முதல் வேலை ஒரே வார்டில்தான் கிடைக்கும். அங்கே புதியவருக்கான வழிகாட்டுக் காலம் ஒரு வருடம் வரை ஓடும். அப்புறம் இன்னொரு வருடம். அதற்குள் மற்றத் துறை மங்கத் தொடங்கிவிடும். பதிவேட்டில் இரண்டும் இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ரீவேலிடேஷன் எனும் பதிவுப் புதுப்பித்தலுக்கு நர்ஸாக 450 மணி நேரம் போதும், இரண்டு துறைக்கும் தனித்தனியாகக் கேட்பதில்லை. (நர்ஸும் மிட்வைஃபுமாக இருப்பவருக்குத்தான் 900.) கேட்பதற்கு இது வசதி மாதிரி இருக்கிறது. ஆனால் நான்கு வருடம் முதியோர் வார்டில் இருந்துவிட்டு, பதிவேட்டில் இருக்கிறதே என்று குழந்தை வார்டில் போய் நின்றால், நிற்பது உங்கள் பெயரில்தான். தன் திறமையின் எல்லைக்குள் வேலை செய்ய வேண்டும் என்ற தொழில் நெறி, பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. நேர்காணலில் கேளுங்கள், இரண்டு பக்கமும் சுழற்சி முறையில் விடுவீர்களா என்று. ஆஸ்பத்திரிகளை நடத்தும் என்ஹெச்எஸ் ட்ரஸ்ட்டுகள் சிலவற்றில் உண்டு.

## முதலில் பெரியவர், பிறகு குழந்தைகள்

பதிவு பெற்ற நர்ஸ் இரண்டாவது துறைக்குப் போனால், ஏற்கெனவே படித்ததைக் கழித்துக்கொண்டு சுருக்கமான படிப்பில் சேரலாம். பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு வருடம். நடத்தும் பல்கலைக்கழகங்கள் குறைவு என்பதால் ஊர் மாற வேண்டியும் வரலாம்.

இந்த வழியின் அழகு, தீர்மானத்தைத் தள்ளிப்போட முடிவது. பதினெட்டு வயதில் தெரியாதது இருபத்து நான்கில் தெரிந்துவிடும். இதன் ஆபத்தும் அதுவே. இருபத்து நான்கில் கல்யாணப் பேச்சு, வீட்டு அட்வான்ஸ், கைக்குழந்தை எல்லாம் வந்து நிற்கும். மறுபடியும் மாணவராகி வருமானம் இல்லாமல் இருக்க எத்தனை பேருக்கு முடியும்? "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கிளம்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு பார்க்கவே இல்லை. நான் பழகிய வட்டத்தில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

*எப்போது இது சரி:* உங்கள் ட்ரஸ்ட்டே சம்பளத்தோடு அனுப்பினால். குழந்தைகள் நர்சுக்குத் தட்டுப்பாடு உள்ள இடங்களில் இது நடக்கும். அப்படிக் கிடைத்தால் நான்கு வழியிலும் மலிவானது இதுதான். அனுப்பாவிட்டால் நான்கிலும் விலை உயர்ந்ததும் இதுதான்.

## பணக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2025-26 எண்களை எடுத்துக்கொள்கிறேன். கட்டணம் வருடத்துக்கு 9,535 பவுண்டு. இங்கிலாந்தில் தகுதியுள்ள நர்சிங் மாணவருக்கு வருடத்துக்கு 5,000 பவுண்டு திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை கிடைக்கிறது, நான்காவது வருடத்துக்கும் சேர்த்து. குழந்தை உள்ள மாணவருக்கு இன்னும் 2,000. பயிற்சிக்குப் போய்வரும் பயணச் செலவிலும் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கலாம்.

அரசு தரும் கல்விக் கடனைப் பார்த்துத்தான் வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அதற்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு படிப்பைத் தொடங்கிய இங்கிலாந்து மாணவர்கள், 25,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 9 சதவீதத்தைக் கட்டுகிறார்கள், அதிகபட்சம் 40 வருடம். பேண்ட் 5 தொடக்கச் சம்பளம் 31,049. அதில் 25,000 போக 6,049. அதன் 9 சதவீதம் வருடத்துக்கு 544 பவுண்டு, மாதத்துக்கு 45 சுற்று. மூன்று வருடக் கடனோ நான்கு வருடக் கடனோ, மாதம் பிடிப்பது இதே 45தான். கட்டும் காலம்தான் நீளலாம்.

உண்மையான விலை சம்பளத்தில் இருக்கிறது. ஒரே துறை படித்தவர் நான்காவது வருடத்தில் வேலைக்குப் போய் 31,049 சம்பாதிக்கிறார். நீங்கள் அந்த வருடம் மாணவர். அதோடு நிற்பதில்லை. பேண்ட் 5இல் இரண்டு வருட அனுபவத்தில் 33,487 ஆகும், நான்கு வருடத்தில் 37,796 ஆகும். இந்த இரண்டு படியிலும் நீங்கள் அவருக்கு ஒரு வருடம் பின்னால் ஏறுவீர்கள். முதல் படியில் 2,438, இரண்டாவதில் 4,309 இழப்பு. மூன்றையும் கூட்டினால் 37,796 பவுண்டு. வரிக்கு முந்தைய கணக்கு, சம்பள அளவு மாறாமல் இருவரும் பேண்ட் 5இலேயே இருப்பதாக வைத்துப் போட்டது. உதவித்தொகை 5,000ஐக் கழித்தாலும் முப்பதாயிரத்துக்கு மேல். உள் லண்டனில் சம்பளத்தின் மேல் இருபது சதவீத அலவன்ஸ் இருப்பதால் அங்கே இழப்பும் அதற்கேற்பப் பெரிது.

இதையே நான்காவது வழிக்குப் போட்டால், ட்ரஸ்ட் சம்பளம் தராத நிலையில் ஒன்றரை வருடச் சம்பளம் போகும், அதுவும் படி ஏறிய பிறகுள்ள பெரிய சம்பளம். எனவே இரண்டும் வேண்டும் என்பது உறுதியாகத் தெரிந்தவருக்கு இரட்டைத் துறைதான் சிக்கனம். உறுதி இல்லாதவருக்கு அது ஆடம்பரம்.

ஊரிலிருந்து மாணவர் விசாவில் வருபவர்களுக்கு இந்த முழுக் கணக்கும் தலைகீழ். வெளிநாட்டு மாணவர் கட்டணம் பல மடங்கு, அரசுக் கடனும் இல்லை, அந்த 5,000 உதவித்தொகையும் இல்லை. அவர்களுக்கு நான்காவது வருடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஊரில் நான்கு வருடத்தில் எல்லாம் சேர்த்தே படித்துவிட்டு வரலாமே.

## விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியவை

யூகாஸில் ஐந்து இடம் போடலாம், ஆனால் உங்களைப் பற்றி நீங்களே எழுதும் தன்னறிக்கை (பர்சனல் ஸ்டேட்மென்ட்) ஒன்றுதான். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, மொத்தம் 4,000 எழுத்துகள். இரண்டு இடத்தில் இரட்டைத் துறையும் மூன்று இடத்தில் பெரியவரும் போட்டால், ஒரே அறிக்கையை ஐந்து பேரும் படிப்பார்கள். குழந்தைகளைப் பற்றியே எழுதியிருந்தால் பெரியவர் பிரிவுக்காரர் உதட்டைப் பிதுக்குவார். கலந்து போடுவதானால் இரட்டைத் துறையோடு ஒரே ஒரு தனித் துறையை மட்டும் கலக்குங்கள், எந்தத் துறைக்கும் பொருந்தும் உதாரணங்களாக எழுதுங்கள். பாட்டிக்கு ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது, தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டது, இரண்டுமே நம் பிள்ளைகளிடம் இருக்கும். எழுதத்தான் கூச்சப்படுகிறார்கள்.

ஓபன் டேக்குப் போகும்போது கட்டடத்தையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். செய்முறைப் பயிற்சி அறையில் நிற்கும் ஆசிரியரைப் பிடித்துக் கேட்க வேண்டியவை இவை. கடைசி வருடக் களப் பயிற்சி எந்தத் துறையில், எத்தனை வாரம்? குழந்தைகள் பக்கம் பயிற்சிக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும், இரவு ஷிஃப்ட் முடிந்து அங்கிருந்து பஸ் இருக்கிறதா? முதுநிலை ஆய்வும் கடைசிப் பயிற்சியும் ஒரே பருவத்தில் மோதுமா? போன வருடம் முடித்தவர்களில் எத்தனை பேர் இரண்டு துறையிலும் பதிவு வாங்கினார்கள்?

இன்னொன்றும் உண்டு, இதை எழுத்தில் வாங்குங்கள்: நடுவில் முடியாமல் போனால், இரட்டைத் துறையிலிருந்து ஒரே துறைக்கு மாறி மூன்று வருடத்தில் பட்டம் வாங்க முடியுமா, எந்த வருட முடிவு வரை மாறலாம், அப்படி மாறினால் எந்தத் துறையில் இடம் இருக்கும்?